பாதி மறைத்த லென்சு: இப்னுல் ஹைஸமை நாம் வாசிக்கும் முறை பற்றி

புதுச்சேரி நகரின் தென்புறத்தே கடலோரத்தை ஒட்டி அமைந்த பகுதி உப்பளம். அங்கே என் தங்கையின் இல்லத்தில் ஒரு மாலைப் பொழுதில் நிகழ்ந்த சிறு உரையாடலே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல். பத்தாம் வகுப்பில் பயிலும் அவள் மகள், வீட்டுப் பெரியவர் செய்தித்தாள் படிக்கப் பயன்படுத்தும் கைலென்சை எடுத்து, சன்னலுக்கு எதிரே உள்ள சுவரின் அருகில் பிடித்தாள். வெளியே வெயிலில் நின்ற தென்னை, ஓலை கீழாகவும் அடிமரம் மேலாகவும் சுவரில் சிறியதாய் வந்து விழுந்தது. பின்னர் அவள் கேட்டாள்: "மாமா, லென்சின் மேல்பாதியை அட்டையால் மூடினால் மரத்தின் எந்தப் பாதி மறையும்?"

கூடியிருந்தோரில் ஒருவர் மேல்பாதி என்றார். பிம்பம் தலைகீழானது ஆதலால் கீழ்ப்பாதிதான் மறையும் என்றார் மற்றொருவர். ஏதோ ஒரு பாதி மறையும் என்பதில் நான் உட்பட எவருக்கும் ஐயமில்லை. அவள் அட்டையை வைத்தாள். மரம் முழுமையாகவே நின்றது. அதன் ஒளி மட்டும் சற்று மங்கியது.

அவ்வமைதியைக் கலைக்க எண்ணிய பெரியவர் ஒருவர், "லென்சைக் கண்டுபிடித்ததே நம் இப்னுல் ஹைஸம்தானே!" என்றார். சிறுமி உடனே திரும்பி, "அப்படியென்றால் இதற்கு அவர் என்ன விளக்கம் சொன்னார்?" என்று கேட்டாள். விடை சொல்ல அங்கே எவரும் இல்லை.

ஓர் அறிஞரின் பெயரைப் பெருமையுடன் சொல்லத் தெரிந்த நமக்கு, அவர் என்ன சிந்தித்தார் என்பது தெரிந்திருக்கவில்லை. இக்குறை அவ்வீட்டுக்கு மட்டும் உரியதன்று. இஸ்லாமிய அறிவியல் வரலாறு குறித்து நம் இதழ்களிலும் மேடைகளிலும் பல்லாண்டுகளாக வழங்கிவரும் எழுத்து முறையின் குறை அது. அதனைச் சற்றுக் கடுமையாகவே ஆராய வேண்டியுள்ளது.

பெருமையின் பட்டியல்

இவ்வகைக் கட்டுரைகளின் அமைப்பு வாசகர் நன்கறிந்ததே. 'ஒளியியலின் தந்தை' என்னும் அடைமொழியோடு தொடங்கும். லென்சு, மூக்குக் கண்ணாடி, புகைப்படக் கருவி ஆகிய மூன்றும் அவருடைய கண்டுபிடிப்புகள் என்று அடுக்கும். 'கேமரா' என்னும் சொல்லே அரபியின் 'கமரா'விலிருந்து பிறந்தது என்று வியக்கும். ஐரோப்பியர் இவற்றைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டனர் என்னும் ஆற்றாமையோடு முடியும்.

இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். மெருகேற்றிய பளிங்குகளும் நீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவைகளும் சூரிய ஒளியைக் குவித்து எரிப்பதைப் பண்டைய கிரேக்கரும் ரோமரும் அறிந்திருந்தனர். மூக்குக் கண்ணாடி இத்தாலியில் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஏறத்தாழ 1286இல் தோன்றியது. இப்னுல் ஹைஸம் கெய்ரோவில் மறைந்ததோ ஏறத்தாழ 1040இல். 'கேமரா' என்பது இலத்தீனில் அறையைக் குறிக்கும் சொல். அதன் வேர் கிரேக்க மொழியில், வளைகூரையைக் குறிக்கும் சொல்லில் உள்ளது. இருட்டறைக்கு அரபு நூல்கள் வழங்கும் பெயர் 'அல்பைத்துல் முழ்லிம்' என்பதே.

ஆக, பட்டியலின் பெரும்பகுதி நிற்கவில்லை. இதனால் இப்னுல் ஹைஸமின் பெருமை குன்றுமோ எனில், இல்லை. குன்றுவது நம் எழுத்தின் நம்பகத்தன்மையே. பள்ளியில் நம்மிடமிருந்து இப்பட்டியலைக் கேட்டுக்கொண்டு போகும் பிள்ளை, கல்லூரியில் ஒரே கேள்வியில் அது சரிவதைக் காண்கிறாள். அதன்பின் நாம் சொன்ன மெய்களையும் அவள் ஐயுறுவாள். பொய்யான புகழ் மெய்யான புகழையும் உடன் இழுத்துச் சென்று விடுகிறது.

அவர் உண்மையில் செய்தது

ஹிஜ்ரி 354இல் (கி.பி. 965) பஸராவில் பிறந்த அபூ அலீ அல்ஹஸன் இப்னுல் ஹைஸம், ஏழு பகுதிகளாக எழுதிய நூல் 'கிதாபுல் மனாழிர்'. பார்வை எவ்வாறு நிகழ்கிறது என்பதே அதன் அடிப்படைக் கேள்வி. கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுப் பொருளைத் தொடுகின்றன என்பது யூக்ளிட், தொலமி ஆகியோரின் கொள்கை. பொருளின் முழு உருவமே காற்றின் வழியாகக் கண்ணை வந்தடைகிறது என்பது இயற்கைத் தத்துவவாதிகளின் கருத்து. இப்னுல் ஹைஸம் இரண்டையும் ஆராய்ந்து, ஒளியே கண்ணுக்கு வருகிறது என நிறுவினார்.

அதனினும் முக்கியமானது, ஒளி எவ்வாறு வருகிறது என்பதற்கு அவர் அளித்த விடை. ஒளிபெற்ற பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எல்லாத் திசைகளிலும் நேர்கோடுகளில் ஒளி பரவுகிறது. பொருளை ஒரே உருவமாகக் கொள்ளாது, எண்ணற்ற புள்ளிகளின் தொகுதியாகக் கொண்டதே அவரது திருப்பம். இன்று உலகின் எந்த மூலையில் ஒளிக்கதிர்ப் படம் வரையப்பட்டாலும் அது இவ்வடிப்படையின் மீதே வரையப்படுகிறது.

இதனை அவர் வெறும் வாதமாக நிறுத்தவில்லை. நூலின் முதற்பகுதியில் ஒரு சோதனையைச் சொல்கிறார். இருட்டறையின் சிறு திறப்பிற்கு முன்னே வெவ்வேறு இடங்களில் பல விளக்குகளை ஏற்றி வைத்தால், உள்ளே சுவரில் அத்தனை ஒளித்திட்டுகள் தனித்தனியே தோன்றும். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய திட்டு மட்டும் மறையும். ஒரே துளையின் வழியே வந்தும் அவ்வொளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடவில்லை என்பது இதனால் புலனாகும். நம் வீட்டில் மூன்று மெழுகுவத்திகளைக் கொண்டே இதனைச் செய்து பார்க்கலாம்.

லென்சுக்கு இன்னும் நெருக்கமான பணியைச் செய்தவர் வேறொருவர். பக்தாதில் ஏறத்தாழ 984இல் இப்னு ஸஹ்ல் எரிக்கும் கருவிகள் குறித்து எழுதிய நூலில், இணையாக வரும் கதிர்களை ஒரே புள்ளியில் குவிக்கும் லென்சின் வளைவை வடிவகணித முறையில் வகுத்துக் காட்டினார். பின்னாளில் ஸ்நெல், டெக்கார்ட் ஆகியோர் பெயரால் வழங்கிய ஒளிவிலகல் விதிக்கு இணையான விகிதம் அவ்வரைபடத்தில் உள்ளது. டமாஸ்கஸிலும் டெஹ்ரானிலும் பிரிந்து கிடந்த ஏடுகளை ஒன்றுசேர்த்து, ருஷ்தீ ராஷித் என்னும் வரலாற்றறிஞர் 1990இல் இதனை உலகறியச் செய்தார். இப்னு ஸஹ்லின் நோக்கம் எரிப்பதே. பிம்பம் பற்றி அவர் அங்கே பேசவில்லை. அவருடைய பணியை அறிந்திருந்த இப்னுல் ஹைஸமோ தம் பெருநூலில் அவ்விகிதத்தைப் பயன்படுத்தவில்லை. நம் பட்டியல்களில் இப்னு ஸஹ்லின் பெயர் அரிதாகவே இடம்பெறுகிறது என்பதும் கவனிக்கத்தக்கது.

கைவிடப்பட்ட கதிர்கள்

புள்ளிக் கொள்கை ஒரு பெரும் சிக்கலையும் உடன் கொண்டுவந்தது. தென்னையின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளி கண்ணின் முகப்பு முழுவதிலும் வந்து விழுகிறது எனில், கண்ணின் ஒவ்வொரு இடத்திலும் தென்னையின் எல்லாப் புள்ளிகளும் கலந்து குழம்ப வேண்டும். ஆனால் நாம் தெளிவாகக் காண்கிறோமே, அது எப்படி?

இப்னுல் ஹைஸம் ஒரு வழி கண்டார். கண்ணின் பரப்பில் செங்குத்தாக விழும் கதிர் மட்டும் வளையாமல் உட்செல்கிறது, அதுவே வலிமை மிக்கது, பார்வையில் முதன்மை அதற்கே உரியது என்றார். ஒரு புள்ளிக்கு ஒரு செங்குத்துக் கதிர் என்று கொண்டால் குழப்பம் தீர்கிறது. ஆனால் எஞ்சிய எண்ணற்ற கதிர்கள் என்னவாயின? மேலும், கதிர்கள் கண்ணுக்குள் ஒன்றையொன்று குறுக்கிட்டால் காட்சி தலைகீழாகிவிடும் என்று கருதிய அவர், அவ்வாறு நேராத வண்ணம் தம் விளக்கத்தை அமைத்துக்கொண்டார். கண்ணின் படிக நீர்மத்தையே ஒளியை உணரும் உறுப்பாகவும் கொண்டார். இவ்விரண்டும் பிழைகள். அவற்றைப் பிழைகள் என்று சொல்வதற்கு நாம் தயங்கத் தேவையில்லை.

இங்கேதான் அவரது பெருமை வெளிப்படுகிறது. நூலின் ஏழாம் பகுதியில் அவரே அக்கைவிடப்பட்ட கதிர்களுக்குத் திரும்பி வருகிறார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மெல்லிய ஊசி போன்றதொரு பொருளை மறு கண்ணுக்கு மிக அருகே பிடித்து எதிர்ச்சுவரைப் பார்க்கச் சொல்கிறார். ஊசி சுவரின் எப்பகுதியையும் மறைப்பதில்லை. ஊசியையே ஊடுருவிப் பார்ப்பது போல அதன் பின்னுள்ளதும் தெரிகிறது. செங்குத்துக் கதிரை ஊசி தடுத்துவிட்டபோதும் அப்புள்ளி தெரிகிறதெனில், சாய்வாக விழுந்து விலகிச் செல்லும் கதிர்களும் பார்வையில் பங்கு கொள்கின்றன என்பது அவர் முடிவு.

உப்பளத்தில் அட்டையை வைத்த சிறுமியின் சோதனையும் இதுவே. ஊசி சுவரை மறைக்கவில்லை, அட்டை தென்னையை மறைக்கவில்லை. அவளுடைய கேள்விக்கு இப்னுல் ஹைஸம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மிக அருகில் வந்து நின்றிருக்கிறார். 'லென்சைக் கண்டுபிடித்தவர்' என்னும் போலிப் பட்டம், இவ்வரிய உண்மையை நம்மிடமிருந்து மறைத்து வைத்திருந்தது.

எஞ்சிய அடியை எடுத்து வைத்தவர் ஜெர்மானிய வானியலாளர் யோகன்னஸ் கெப்ளர். இப்னுல் ஹைஸமின் நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1572இல் பேசல் நகரில் ரிஸ்னர் என்பாரால் அச்சேறியது. விட்டெலோ என்னும் போலந்து நாட்டு அறிஞரின், அதனையே பெரிதும் சார்ந்த நூலும் அதே தொகுப்பில் வெளிவந்தது. விட்டெலோவுக்கு ஒரு பின்னிணைப்பு என்னும் பெயரிலேயே கெப்ளர் 1604இல் தம் நூலை வெளியிட்டார். ஒரு புள்ளியிலிருந்து வரும் கதிர்களில் எதனையும் கைவிட வேண்டியதில்லை, கண்ணின் லென்சு அவை அனைத்தையும் விழித்திரையில் மீண்டும் ஒரே புள்ளியில் சேர்த்து விடுகிறது என்றார். பிம்பம் தலைகீழாக விழுவதையும் துணிந்து ஏற்றார்.

பிம்பம் உருவாகும் விதம்

இவ்வடிப்படையில் லென்சின் செயலை விளக்குவது எளிது. சன்னலுக்கும் சுவருக்கும் இடையே ஏதுமில்லாதபோது, தென்னையின் ஒவ்வொரு புள்ளியும் சுவர் முழுவதற்கும் ஒளி அனுப்புகிறது. எல்லாம் கலந்து வெறும் வெளிச்சமாகிறது. இடையே ஊசித்துளையுள்ள அட்டையை வைத்தால், புள்ளி ஒன்றுக்கு ஒரு மெல்லிய கதிர்க்கற்றை மட்டும் உள்ளே வரும். பிம்பம் தோன்றும், ஆனால் மிக மங்கலாக. துளையைப் பெரிதாக்கினால் ஒளி மிகும், தெளிவு கெடும். அப்பெரிய துளையில் குவிலென்சைப் பொருத்தினால், ஒரு புள்ளியிலிருந்து லென்சின் பரப்பெங்கும் விரிந்து விழுந்த கதிர்கள் மறுபுறம் ஒரே புள்ளியில் கூடுகின்றன. ஒளியும் தெளிவும் ஒருங்கே கிட்டுகின்றன.

20 செ.மீ. குவியத் தூரமுள்ள கைலென்சுக்கு முன்னே 60 செ.மீ. தொலைவில் மெழுகுவத்தியை வைத்தால், மறுபுறம் 30 செ.மீ. தொலைவில் பாதி அளவுள்ள தலைகீழ்ப் பிம்பம் திரையில் விழும். 40 செ.மீ. தொலைவில் வைத்தால், மறுபுறம் 40 செ.மீ.யில் அதே அளவில் விழும். 10 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் நிலைமை மாறும். அங்கிருந்து வரும் கதிர்கள் மிகுதியாக விரிவதால் லென்சால் அவற்றைக் கூட்ட இயலாது, விரிவைக் குறைக்க மட்டுமே இயலும். கண்ணோ ஒளி நேர்கோட்டில் வந்ததாகவே கொள்வதால், லென்சின் அதே பக்கத்தில் 20 செ.மீ. தொலைவிலிருந்து, இரு மடங்கு பெரிதாக, நிமிர்ந்த நிலையில் பொருளைக் காண்கிறது. செய்தித்தாளின் எழுத்து பெரிதாகத் தெரிவது இவ்வாறே.

குழிலென்சு எப்போதும் கதிர்களை மேலும் விரிக்கிறது. 20 செ.மீ. குவியத் தூரமுள்ள குழிலென்சுக்கு முன் 20 செ.மீ.யில் பொருளை வைத்தால், 10 செ.மீ. தொலைவில் பாதி அளவில் நிமிர்ந்து தெரியும். கண்ணெதிரே உள்ள மெய்யான பொருளின் பிம்பத்தைக் குழிலென்சு மட்டும் தனித்துத் திரையில் வீழ்த்தாது. இதனை 'மாய பிம்பம்' என்று பாடநூல் அழைப்பதால், இல்லாத ஒன்று என மாணவர் மயங்குகின்றனர். அப்பிம்பத்தை நாம் காண்பது, விரிந்த கதிர்களை நம் கண்ணிலுள்ள குவிலென்சு மீண்டும் விழித்திரையில் கூட்டுவதால்தான். கிட்டப்பார்வை உடையோர் அணியும் குழிலென்சுக் கண்ணாடி பயன்படுவதும் இக்கூட்டுறவால்தான்.

இனி அட்டைக்கு வருவோம். ஓலையின் நுனியிலிருந்து வரும் ஒளி லென்சு முழுவதிலும் விழுகிறது. மேல்பாதியை மூடினால் அந்நுனிக்குரிய கதிர்களில் பாதி தடைபடும். மறுபாதி அதே இடத்தில்தான் கூடும். அடிமரத்துக்கும் அவ்வாறே. ஆகவே மரம் முழுமையாக நிற்கும், ஒளி ஏறத்தாழப் பாதியாகும்.

பாடநூல் விட்ட இடம்

இவ்வளவு எளிய விளக்கம் நம் பிள்ளைகளை ஏன் எட்டவில்லை? ஒளியியல் பாடத்தைத் திறந்தால் காரணம் விளங்கும். லென்சின் முன் ஓர் அம்புக்குறி. அதன் நுனியிலிருந்து புறப்படும் கதிர்கள் இரண்டு அல்லது மூன்று: அச்சுக்கு இணையாக வருவது, ஒளிமையத்தின் வழிச் செல்வது, குவியத்தின் வழிச் செல்வது. பொருளின் இருப்பிடங்கள் ஆறு. ஒவ்வொன்றுக்கும் பிம்பத்தின் இடம், அளவு, தன்மை ஆகியவை அட்டவணையில். மாணவர் அட்டவணையை மனனம் செய்கின்றனர். பிம்பம் உருவாக அம்மூன்று கதிர்களே தேவை என்றும், அவற்றுள் ஒன்றைத் தடுத்தால் பிம்பமும் குறைபடும் என்றும் நம்பத் தொடங்குகின்றனர்.

என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் பயிற்சிப் பகுதியில் பாதி மறைத்த குவிலென்சு பற்றிய கேள்வியே உள்ளது. செய்து பார்த்துச் சரிபார்க்கும்படியும் நூல் பணிக்கிறது. இது பாராட்டுக்குரியது. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எண்ணற்ற கதிர்கள் கிளம்புகின்றன என்பதையும், வசதிக்காகவே இரண்டை வரைகிறோம் என்பதையும் அந்நூல் கோள ஆடிகளைப் பற்றிய பகுதியில் சொல்லத்தான் செய்கிறது. ஆயினும் அது போகிற போக்கில் சொல்லப்பட்ட குறிப்பாக நின்றுவிடுகிறது. அடித்தளமாக இருக்க வேண்டியது அடிக்குறிப்பாகிவிட்டது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. கோல்ட்பர்க், மெக்டெர்மட் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1987இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரியில் ஒளியியல் பயின்று முடித்த மாணவர்களுள்ளும் பலர், பாதி லென்சை மறைத்தால் பாதிப் பிம்பம் மறையும் என்றே விடையளித்தனர். தேர்ந்தெடுத்த சில கதிர்களே பார்வையைத் தருகின்றன என்னும் பழைய சிக்கலுக்கே இப்பாடமுறை மாணவரைக் கொண்டு சேர்க்கிறது. இப்னுல் ஹைஸம் அச்சிக்கலை ஊசியைக் கொண்டு ஐயுற்றார். நம் பாடநூலைப் படித்தவர்க்கோ ஐயுறவும் வாய்ப்பில்லை.

புதுச்சேரியின் வானில்

லென்சின் வரலாற்றில் புதுச்சேரிக்கும் ஓர் இடமுண்டு. சயாமில் 1688இல் ஏற்பட்ட அரசியல் புரட்சிக்குப் பின் இங்கே வந்து சேர்ந்த ழான் ரிஷோ என்னும் பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார், 1689 டிசம்பரில் வால்மீன் ஒன்றை 12 அடித் தொலைநோக்கியால் ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஆல்ஃபா சென்டாரி என்னும் ஒளிமிகு விண்மீன் உண்மையில் இரட்டை விண்மீன் என்பதைக் கண்டறிந்தார். வெறுங்கண்ணுக்கு அது ஒன்றே. ஒவ்வொரு புள்ளியின் ஒளியையும் தனித்தனியே கூட்டித் தரும் லென்சே அதனை இரண்டெனக் காட்டியது. மே மாதத்து இரவில் உப்பளத்திலிருந்து தென்வானைப் பார்ப்போர், தொடுவானுக்கு மேல் ஏறத்தாழ 17 பாகை உயரத்தில் இன்றும் அதனைக் காணலாம்.

பஸராவில் பிறந்து கெய்ரோவில் எழுதியவரின் சிந்தனை, இலத்தீன் உடையில் பேசலுக்குச் சென்று, பிராகில் பணியாற்றிய கெப்ளரைச் சேர்ந்தது. ஒளியைப் பற்றி அவ்வாறு வளர்ந்த அறிவு, ஐரோப்பியக் கைவினைஞர் தேய்த்த லென்சுகளோடு கூடிப் புதுச்சேரிக் கடற்கரையில் ஒரு விண்மீனை இரண்டாக்கியது. இச்சங்கிலியில் எந்தக் கண்ணியும் முழுமையானதன்று, எதுவும் தேவையற்றதுமன்று. 'எல்லாம் நம்முடையதே' என்போரும், 'ஐரோப்பாவுக்கு முன் ஏதுமில்லை' என்போரும் ஒரே பிழையைத்தான் செய்கின்றனர்.

எது மரியாதை?

இப்னுல் ஹைஸம், தொலமியின் நூல்களிலுள்ள முரண்பாடுகளைத் தொகுத்து 'அஷ்ஷுகூக் அலா பத்லமியூஸ்' என்னும் ஐயங்களின் நூலை எழுதினார். தொலமியை இகழ்வதற்காக எழுதப்பட்டதன்று அது. அவரை ஆழ்ந்து கற்றதன் விளைவே அது. ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ, 'தன்கீஹுல் மனாழிர்' என்னும் விரிவுரையில் அதே நெறியை இப்னுல் ஹைஸமின் மீதே செலுத்தினார். நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தை மழைத்துளியாகக் கொண்டு சோதித்து, ஆசான் தீர்க்காமல் விட்ட வானவில்லின் புதிரைத் தீர்த்தார். ஆசானைப் பின்பற்றுவது என்பது அவருக்கு ஆசானைத் திருத்துவதாகவும் இருந்தது.

'கிதாபுல் மனாழிர்' எழுதப்பட்டு ஆயிரம் ஆண்டுகள் நிறைந்ததை முன்னிட்டு, 2015ஆம் ஆண்டின் உலக ஒளி ஆண்டுக் கொண்டாட்டங்களில் இப்னுல் ஹைஸம் சிறப்பாக நினைவுகூரப்பட்டார். உலகின் அங்கீகாரம் அவருக்குக் கிடைத்துவிட்டது. இனி நாம் செய்ய வேண்டியது வேறு. விடுமுறைக்கால வகுப்புகளிலும், மதரஸாக்களின் மாலை அமர்வுகளிலும், மேடைப் பேச்சுக்கு ஒதுக்கும் நேரத்தில் கால்பங்கை ஒரு கைலென்சுக்கும், ஓர் அட்டைக்கும், மூன்று மெழுகுவத்திகளுக்கும் ஒதுக்கலாம். அவர் எங்கே சரியாகக் கண்டார், எங்கே தடுமாறினார் என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லலாம்.

சில வாரங்கள் கழித்து மீண்டும் உப்பளம் சென்றிருந்தேன். ஊசிச் சோதனையை மருமகளிடம் சொன்னேன். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஊசியைச் சற்று எட்டவே பிடித்துச் சுவர்க் கடிகாரத்தை நெடுநேரம் பார்த்தாள். பின்பு, "மாமா, ஊசிக்குப் பதில் பென்சிலைப் பிடித்தால் மறைக்கிறதே, அதற்கு ஏன் என்று எழுதியிருக்கிறாரா?" என்று கேட்டாள். கண்ணின் பாவையைவிட அகன்ற பொருள் எல்லாக் கதிர்களையும் தடுத்துவிடும் என்று நான் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் அவள் அளவுகோலைத் தேடி எழுந்து போய்விட்டாள்.